அச்சில் சுற்றிய கொள்ளுக்கொடி

"ஏம்மா, படிச்ச பிள்ளைங்கிற. ஒரு ரோட்டைக் காலியா வைக்க ஒன்னால முடியலை. நீ பஸ்ஸு கொண்டாந்து என்ன செய்யப் போற?"

பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பின்சக்கர அச்சில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்ட கொள்ளுக்கொடியை அரிவாளால் அறுத்தபடி டிரைவர் கேட்ட கேள்வி இது. அவர் முகம் தெரியவில்லை. இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில், எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, கருவேலங்காட்டுக்கு நடுவே நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். போன வருஷம் அந்த நான்கு கிலோமீட்டருக்கும் தார் போட்டார்கள். தார் காய்வதற்குள் நான் மனு எழுத ஆரம்பித்துவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, பாஸும் பண்ணியவள். நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது? ஆறாவது மனுவுக்குப் பதில் வந்தது. தை மாதம் ஒரு காலையில் சோதனை ஓட்டமாக டவுன் பஸ் ஒன்று வரும்!

ஊரே கொண்டாடியது. எப்படி என்பதுதான் வம்பு. அந்த வாரம்தான் கொள்ளு பிடுங்கி முடித்திருந்தார்கள். தார் ரோட்டில் செடியைப் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிச் சக்கரமே மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும் என்பது எங்கள் சீமையில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் எங்கள் ரோட்டில் சைக்கிளும் மாட்டுவண்டியும்தான் ஓடும். இப்போது பஸ் வருகிறது. ஆறு டயர்! விடிவதற்குள் அரை கிலோமீட்டர் தூரத்துக்கு முழங்கால் உயரம் கொள்ளுச் செடி கிடந்தது. பஸ் அதற்குள் இறங்கியது, வழுக்கியது, முக்கியது, நின்றது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பின்பக்கமாகவே ஊர்ந்து போய் விலக்கைச் சேர்ந்தது. பஸ்ஸுக்குப் போட வாங்கி வைத்திருந்த மாலையைப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுப் பசு தின்றது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் தங்கை மாரி எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். அவளோடு இன்னும் மூன்று பெண்பிள்ளைகள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. ஒன்பதுக்குத் திருச்சுழி போகவேண்டும். நான் படித்த காலத்தில் விலக்கு வரை கூட நடக்க அண்ணன் இருந்தான். அவன் இப்போது திருப்பூரில் பனியன் தைக்கிறான். "பஸ்ஸு வந்தா அனுப்புறோம். வரலைன்னா பருத்திக் காட்டுக்குப் போகட்டும்" என்று நான்கு வீட்டிலும் ஒரே பேச்சு. எங்கள் வீட்டிலும்தான்.

நடந்ததை விளக்க அருப்புக்கோட்டைப் பணிமனைக்கு ஆள் வரவேண்டும் என்று தகவல் வந்தது. தலைவர் இடுப்புவலி என்றார். நான் புறப்பட்டேன். ஒரு நாள் வேலை. மூன்று நாள் ஆனது.

விலக்கு வரை மாரி கூட வந்தாள். தூக்குவாளியில் கம்மஞ்சோறும் மோர் மிளகாயும் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அவுக திட்டுனா அழுதுறாத. அழுதா பஸ்ஸு தர மாட்டாக."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. எனக்கு முன் இருக்கையில் ஒருவர் சேவலை மடியில் வைத்திருந்தார். அது ஊர் ஊராக இறங்கப் பார்த்தது. "ஏலே, சேவலுக்கு எந்த ஊரு டிக்கெட்டு?" என்று பின்னால் ஒரு குரல். "அதுக்குக் கறிக்கடை வரைக்கும்" என்று இன்னொரு குரல். சேவல்காரர் திரும்பிப் பார்த்து, "இது சண்டைச் சேவல்யா, ஒங்க ரெண்டு பேரையும் கொத்திட்டுத்தான் எறங்கும்" என்றார். வெளியே கொத்தமல்லிக் காடு பூத்து வெள்ளையாகக் கிடந்தது. மிளகாய்ச் செடியில் பழம் சிவக்க ஆரம்பித்திருந்தது. கண்மாய்களில் நடுவில் மட்டும் தண்ணீர். எங்கள் ஊர் மாதிரியேதான் எல்லா ஊரும். ஆனால் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் எல்லாம் அழகாகத் தெரிகிறது. எங்கள் ஊரை அப்படிப் பார்த்தவர் இதுவரை யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அருப்புக்கோட்டைக்கு அதற்கு முன் இரண்டே முறைதான் வந்திருக்கிறேன், இரண்டும் ஜவுளி எடுக்க, பெரியவர்களின் பின்னால். தனியாக இறங்கியது இதுதான் முதல் முறை. எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் உலகத்துக்கே கேட்கிறமாதிரி கத்திக்கொண்டிருந்தார். பரோட்டாக் கடையில் கல்லில் கொத்துகிற சத்தம் மேளம் மாதிரி. பூக்கடைப் பக்கம் போனால் மல்லிகை வாசம் ஆளைத் தள்ளியது. எங்கள் ஊரில் சத்தம் என்றால் ரைஸ்மில், வாசம் என்றால் முதல் மழை. அவ்வளவுதான்.

பணிமனை அதிகாரி நல்ல மனிதர். "ஒக்காரும்மா" என்று நாற்காலியைக் காட்டினார். ஓர் ஆபீஸில் எனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

"எங்க ஊர்க்காரங்களுக்கு விவரம் பத்தாது சார். படிப்பு இல்லாத ஜனங்க. சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

பேனாவை மூடிவைத்துவிட்டு அவர் கேட்டார்: "நீயும் அந்த ஊருதான?"

"ஆமா சார்."

ஒரு தாளை எடுத்து நீட்டினார். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி இன்னொரு முறை வண்டி அனுப்புவார். அதற்குமுன் ஊரிலிருந்து ஒருவர் இதில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். ரோட்டில் எதையும் பரப்பமாட்டோம், பரப்பினால் நானே பொறுப்பு என்று எழுதி, அடியில் 'பொறுப்பாளர்' என்று ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வெறும் வெள்ளை.

"பெரிய மனுசங்க யாராவது போடட்டும்" என்றார்.

தலைவர் என்ன சொல்வார் என்று எனக்கு அங்கேயே கேட்டது. எவன் கொள்ளை எவன் எடுக்கச் சொல்றது? போடமாட்டார். வேறு யாரும் போடமாட்டார்கள். பஸ்ஸைக் கேட்டு நூறு கைகள் மனுவில் ரேகை வைக்கும். பொறுப்பு என்றால் ஒரு கையும் வராது.

அன்று சௌந்தரம் வீட்டில் தங்கினேன். அவள் அப்பா திருச்சுழி தாலுகா ஆபீஸில் வேலையாக இருந்தபோது என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது சொந்தத் தறி வீட்டோடு அருப்புக்கோட்டையில் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவந்தாள். கடித்துக்கொள்ளக் காராச்சேவு. "ஒங்க ஊருல பஸ்ஸையே கொள்ளுக்கு மாடாக் கட்டப் பாத்தீகளாமே" என்று சிரித்தாள். கதை எனக்கு முன்னால் டவுனுக்கு வந்து சேர்ந்திருந்தது! பஸ்தான் வரவில்லை.

இரண்டாம் நாள் காலை, கதவைத் திறந்தபோது தெருவைக் காணவில்லை.

அதாவது, தெரு முழுக்க நூல். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, குறுக்குக் கம்புகளின் மேல் இடுப்பு உயரத்தில், மாம்பழ மஞ்சளில் ஒரே பாவு. சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற நூல் அது. இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணும் நின்று கஞ்சி தடவி, பிரஷ் இழுத்து, அறுந்த இழையைக் கண்ணிமைப்பதற்குள் முடிந்துகொண்டிருந்தார்கள். சூரியன் சுள்ளென்று அடிப்பதற்குள் காய வேண்டுமாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் ஊரில் ரோட்டை அடைத்ததற்குத்தான் பஸ் போனது. இங்கே ஒரு டவுன் தெருவையே அடைத்திருக்கிறார்கள், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை!

அவர்கள் வீட்டுப் பேச்சு கன்னடம். சௌந்தரம் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மண்ணெண்ணெய் வண்டிக்காரர் ஒருவர் தெரு முனையில் வந்து மணி அடித்தார். பாவின் அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண், "இவருக்கு மட்டும் சூரியன் சீக்கிரமே உதிக்கும் போல" என்றாள். "நேற்றும் இதே நேரத்துக்கு வந்தார், நாளைக்கும் வருவார். பொண்டாட்டி சீக்கிரம் துரத்திவிடுகிறாள் பாவம்" என்றாள் இன்னொருத்தி. தெருவே சிரித்தது. கன்னடம் தெரியாத வண்டிக்காரரும் சிரித்தார். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வண்டி மேலேயே உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியும்.

"ஏழரைக்குச் சுருட்டிருவோம்" என்றார் சௌந்தரத்தின் அம்மா, எனக்காகத் தமிழில். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வர்ற நேரம்."

"யாரும்மா நேரம் சொல்வாங்க? தலைவர் இருக்காரா?"

"தலைவரா? அவர் இன்னும் எந்திரிச்சிருக்க மாட்டாரு. யாரு வீட்டுப் பாவோ அவுக மொதல்ல வந்து கம்பை ஊணுவாக. ஊணுற சத்தம் கேட்டா மத்தவுக வருவாக. இன்னைக்கு எங்க வீட்டுப் பாவு. நான் நாலரைக்கு வந்து ஒத்தையில ஊணிக்கிட்டு இருந்தேன்."

"யாரும் வரலைன்னா?"

"வராம எங்க போவாக? நாளைக்கு அவுக பாவு." பிறகு என் கையைப் பார்த்தார். "சும்மா நின்னு கேள்வி கேக்கையில கை என்ன செய்யுது? இந்த முனையைப் பிடி."

பிடித்தேன். பிடித்த வேகத்தில் இரண்டு இழை அறுந்தது. எதிரில் நின்ற தாத்தா கன்னடத்தில் ஏதோ சொன்னார். அதைச் சௌந்தரம் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

ஏழரைக்குத் தெரு பெருக்கின மாதிரி ஆகிவிட்டது. வெள்ளைத் தாவணி கட்டிய பிள்ளைகள் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ரோட்டில் கொள்ளைப் பரப்பட்டும். பஸ் வருகிற நேரத்துக்கு அரை மணி முன்னால் வாரிவிடட்டும். அவ்வளவுதானே!

அந்த நினைப்பு பதினோரு மணி வரைதான் தாங்கியது. ஊருக்குத் திரும்ப ஏறிய வீரசோழன் பஸ், திருச்சுழிக்கு முன்னால் ஓடைப்பாலத்தில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்தார். நரைத்த மீசை, காதில் பென்சில். திரும்பி வந்து, "ஆம்பிளையாளு எல்லாம் எறங்கித் தள்ளுங்கப்பா. பொம்பளையாளு எறங்கி வேடிக்கை பாருங்க" என்றார். தோல்பையைக் கழற்றியவர் என் பக்கம் நீட்டினார். "ஏத்தா, நீ படிச்ச பிள்ளை மாதிரி இருக்க. இதைப் பிடி."

பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். விசிலும் அதில் தொங்கியது. பத்துப் பேர் தள்ள, பஸ் இருமிக்கொண்டு கிளம்பியது. ஊதலாமா என்று ஆசை. ஊதிவிட்டேன்! பஸ் நின்றது. இரண்டாவது முறையாகத் தள்ளினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஒரு பெரியவர், "அந்தப் பிள்ளைகிட்ட இருந்து மொதல்ல ஊதலைப் பிடுங்குங்கப்பா" என்றார்.

ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். பாதியிலேயே தலையை ஆட்டினார்.

"ஒங்க ஊருதானா அது? சரிதான். ஆத்தா, அரைமணி முன்ன வாருனாலும் அடியில சண்டும் சருகும் கெடக்கும். சைலன்சர் சூட்டுல பத்திக்கிடும். கொடி ஒண்ணு கெடந்தாப் போதும், அச்சுல சுத்திக்கிடும். எந்த டிரைவரும் ஒத்துக்க மாட்டாரு. ரோட்டுல அடிக்கவே கூடாது."

"அப்ப எங்கண்ணே அடிக்கிறது? எங்க ஊர்க் களத்துல கருவேலம் மண்டிக் கெடக்கு. மாடு கட்டி அடிக்க வீட்டுக்கு வீடு மாடும் இல்லை."

"வீரசோழன்ல சபுரா அம்மான்னு ஒருத்தவுக இருக்காக. தானியக் கடை. வீட்டுக்காரரு சவுதியில. அவுக டிராக்டரு களத்துல ஓட்டி அடிச்சுக் கொடுக்குதுன்னு ரெண்டு மூணு ஊர்ல பேசிக்கிட்டாக. போய்க் கேட்டுப் பாரேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் விலக்கு வந்துவிட்டது. வேப்பமரம், டீக்கடை, மைல்கல். நான் எழுந்திருக்கவில்லை. "வீரசோழனுக்கு ஒண்ணு" என்றேன். கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். தலையை வெளியே நீட்டி டீக்கடைக்காரரிடம், "ஏப்பா, இந்தப் பிள்ளை நாளைக்குத்தான் வருமாம், வீட்டுல சொல்லிரு!" என்று கத்தினார். விலக்கு பின்னால் போனது. பிறந்ததிலிருந்து எத்தனையோ முறை அங்கே இறங்கியிருக்கிறேன். அதைத் தாண்டிப் போனது அன்றுதான். என் ஊர் ரோடு கருவேலத்துக்குள் நுழைந்து மறைவதைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வீரசோழன் பெரிய ஊர். கடைத்தெரு, பள்ளிவாசல், மாடி வீடுகள். அருப்புக்கோட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று தோன்றியது. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே கடைக்காரர்கள் வந்தவரை எந்த ஊர், யார் மகள் என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்கிறார்கள். நான்கு பேரிடம் என் வம்சத்தை ஒப்பித்த பிறகு சபுரா அம்மாவின் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மூட்டைகளுக்கு நடுவே முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு கைப்பிடி மல்லியை முகர்ந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்தவரிடம், "அண்ணே, இது மல்லி இல்லை, மல்லிக்கு ஒண்ணுவிட்ட தம்பி" என்றார். பொழுது சாய்ந்து கடையில் கூட்டம் குறைந்த பிறகுதான் என் கதை முழுவதையும் கேட்டார். கொடி சுற்றிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேள்விகள் வந்தன.

"ஒங்க ஊர்ல எத்தனை வீட்டுல கொள்ளு இருக்கு?"

தெரியவில்லை.

"களத்துல டிராக்டர் திரும்ப எடம் இருக்கா? எத்தனை முழம் வெட்டணும்?"

அதுவும் தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒற்றுமை இல்லை என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஊரைப் பத்தி அப்புறம் சொல்லுத்தா. அன்னைக்கு ஒங்க வீட்டுக் கொள்ளு எங்க கெடந்துச்சு?"

"ரோட்டுலதான்."

"இப்ப எங்க கெடக்கு?"

"ரோட்டோரமாத்தான்."

"ம்" என்றார். அவ்வளவுதான். அதற்குள் கடைசிப் பஸ் போயிருந்தது. "பொம்பளைப் பிள்ளையை இந்நேரத்துக்கு எங்க விடுறது" என்று வீட்டுக்குள் அழைத்துப்போனார். இடியாப்பமும் ஆட்டுக்கறி ஆணமும் போட்டார். ஆணம் என்றால் குழம்புதான். ஆனால் அதை நான் குழம்பு என்று சொன்னால் எங்கள் வீட்டுக் குழம்பு கோபித்துக்கொள்ளாது, வெட்கப்படும். எட்டு இடியாப்பம் தின்றேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் தன் முடிவைச் சொன்னார். டிராக்டர் வரும். கூலியாக, மணி உதிர்ந்தபின் மிஞ்சுகிற கொள்ளுப் பொட்டில் பாதி, அவர் வீட்டு மாடுகளுக்கு. கொள்ளைச் சந்தை விலைக்கு அவரிடமே விற்கவேண்டும். ஆனால் களத்தில் கொள்ளு இருக்கவேண்டும்.

"வெறுங்களத்துக்கு வண்டி அனுப்ப மாட்டேன். நீ ஊரைக் கூட்டிப் பேசி, அவுக சரின்னு சொல்லி, அதுக்கப்புறம் போடுறோம்னு சொல்லாத. அது நடக்காது. வர்ற திங்கக்கிழமை என் ஆளு சைக்கிள்ல வந்து பாப்பான். கெடந்தா வண்டி வரும்."

விலக்கில் இறங்கியபோது எங்கள் பக்கத்து வீட்டு மூக்கம்மா மதினி, திருச்சுழியில் மிளகாய் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு நின்றாள். நான்கு கிலோமீட்டரையும் சேர்ந்தே நடந்தோம்.

"என்னடி ராக்கு, மூணு நாளா ஆளைக் காணோம்? பஸ்ஸுக்குப் பதிலா மாப்பிள்ளை தேடிப் போயிட்டன்னு நெனைச்சேன்."

"போங்க மதினி. நீங்கள்லாம் ரோட்டுல கொள்ளைப் போடாம இருந்திருந்தா நான் ஏன் அலையுறேன்?"

மதினி நின்றுவிட்டாள். கூடையை இடுப்பு மாற்றினாள்.

"நல்லாருக்குடி ஒன் நாயம். நாங்க எங்க போட்டோம்? நான் சாணி தெளிக்க எந்திரிக்கையில ஒங்க வீட்டுக் கொள்ளு ரோட்டுல கெடக்கு. நீதான் நின்னு ஒதறிப் போட்டுக்கிட்டு இருந்த. மனு எழுதின பிள்ளையே போடுது, ஆபீஸுல கேட்டுத்தான் போடும்னு எங்க வீட்டுக்காரரை எழுப்பிவிட்டேன். அவரு போடுறதைப் பாத்து மேலத்தெரு போட்டுச்சு."

இதை இவ்வளவு நேரமும் எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். இனித் தள்ள முடியாது. அன்று அதிகாலை என்னைப் பெற்ற அய்யா கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "ரோட்டுல போடலாமாத்தா? பஸ்ஸுக்காரவுக ஒண்ணும் சொல்ல மாட்டாகளே?" என்னைத்தான் கேட்டார், படித்தவள் என்று. "போடுங்கய்யா, பஸ்ஸே அடிச்சுரும்" என்று சொன்னவள் நான். முதல் கட்டை அவிழ்த்து உதறியதும் நான். ஆபீஸில் நாற்காலி போட்டதும் விவரம் பத்தாத ஜனங்கள் என்று சொன்னேனே, அந்த ஜனங்கள் செய்த ஒரே காரியம் நான் செய்ததைச் செய்ததுதான்.

மீதி இரண்டு கிலோமீட்டரும் நான் முன்னால் முன்னால் நடந்தேன். மதினி பயந்துபோய், "ஏண்டி, கோவமா? நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்" என்று இரண்டு முறை கேட்டாள். எனக்குக் கோபம் இல்லை. வெட்கம் இருந்தது, நிறைய. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொன்னால் திமிர் என்பீர்கள். என் ஊர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! ஆறு மனு எழுதியபோது ரேகை வைத்ததோடு சரி, யாரும் பின்னால் வரவில்லை என்று அழுதவள் நான். ஒரு கட்டுக் கொள்ளை உதறிப்போட்டதற்கு ஊரே பின்னால் வந்திருக்கிறது. தெருவில் ஒற்றை ஆளாகக் கம்பை ஊன்றிய சௌந்தரத்தின் அம்மாவை நினைத்துக்கொண்டேன். நானும் ஊன்றித்தான் இருக்கிறேன், தப்பான இடத்தில்.

வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்த கையோடு அரிவாளை எடுத்தேன். அய்யா, "எங்கத்தா?" என்றார்.

"களத்துக்குய்யா. நம்ம கொள்ளு இனிமே ரோட்டுல கெடக்க வேணாம். நான் சொன்னது தப்பு."

அய்யா திட்டவில்லை. உள்ளே போய்க் கோடரியை எடுத்துவந்தார். "அரிவாளுக்குக் கருவேலம் மசியாது" என்றார்.

இரண்டு நாள் வெட்டினோம். முள் ஏறாத விரல் எனக்கு ஒன்றுகூட இல்லை. மாரி அவள் வகுப்பு மூன்று பேரையும் கூட்டிவந்தாள். நான்கு பேரும் முள்ளை இழுத்து ஓரத்தில் அடுக்கினார்கள். பாதிக் களம் தெரிந்ததும் வீடு வீடாகப் போய் எண்ணினேன். முப்பத்தேழு வீட்டில் கொள்ளு இருக்கிறது. "எதுக்குக் கணக்கு? அரிசி தாராகளா?" என்று கேட்டார்கள். "இல்லை, சும்மா எனக்குத் தெரியணும்" என்றேன். களத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. எத்தனை மனு எழுதியவள்! வாயை அடக்கிவைப்பதுதான் முள் வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோட்டோரத்தில் கிடந்த எங்கள் கொள்ளைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்தேன், எல்லோரும் எழுந்து நடமாடுகிற நேரம் பார்த்து. பதினாலு நடை. தலைவர் வாசலில் பல் விளக்கிக்கொண்டே, "என்ன பிள்ளை, ஏறுக்கு மாறா நடக்குற?" என்றார். "களத்துல போடப் போறேன் பெரியப்பா" என்றேன். ஒன்பது மணிக்கு மூக்கம்மா மதினி ஒரு கட்டோடு வந்தாள். "ஒன்னைப் பாத்துப் போட்டு ஒருதரம் கெட்டேன். இது ரெண்டாவது தரம்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் குவியலுக்குப் பக்கத்தில் போட்டாள். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பதினொரு குவியல் இருந்தது. யார் யாருடையது என்றுகூட எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை வந்த சைக்கிள்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை வண்டி வரும்" என்று சொல்லிப்போனார்.

மீதி இருபத்தாறு வீட்டுக் கொள்ளு இன்னும் ரோட்டில்தான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அதுவும் எழுந்துவிடுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்காகக் காத்திருக்கவில்லை.

இன்று காலை விலக்குக்குப் போய், அருப்புக்கோட்டை போகிற முதல் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன். காதில் பென்சிலோடு அதே கண்டக்டர்.

"என்னத்தா, ஊதணுமா?"

"வேணாம்ணே. இந்தத் தாளைப் பணிமனையில கொடுத்துருங்க."

பிரித்துப் பார்த்தார். பொறுப்பாளர் என்ற கோட்டுக்கு மேலே அ. ராக்கம்மாள். அதற்கு அடியில் யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்திருந்தேன்: அன்று ரோட்டில் முதலில் கொள்ளுப் பரப்பியது நான்தான்.

"யாரு இந்த ராக்கம்மாள்?"

"நாந்தாண்ணே."

தாளை நான்காக மடித்துத் தோல்பையில் வைத்தார். விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். பஸ் கிளம்பிப் போனது. நான் ஊரைப் பார்க்க நடந்தேன். புதன்கிழமை வருகிற டிராக்டர் வளைந்து திரும்பக் களத்தின் மேற்கு மூலையில் இன்னும் ஆறு முழம் வெட்ட வேண்டியிருக்கிறது.